இடப்பக்க ஓரம்

பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
டொக்யார்ட் வீதித் தேவாலயத்தின் பின்னறையில்
ஸ்கேனருக்கு மேல் குனிந்து
ஒரு மாரி முழுக்கப் புரட்டினேன்,
ஞானஸ்நானம், விவாகம், அடக்கம்.
நெற்றியில் திருநீற்றோடு நான் போவதை
ஜெபரட்ணம் ஐயா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.
ஓரத்தை வெட்டு என்பார், அவ்வளவுதான்.
கறுப்பு விளிம்பு கொழும்புக்குப் பிடிக்காதாம்.
வெட்டினேன்.

பதினாறு வருஷம் கழித்து
நியூசிலாந்திலிருந்து ஒரு கடிதம்:
எங்கள் மூதாதை ஹார்க்னஸ் பாதிரியாரின்
உத்தியோக விபரம் தேவை, கட்டணம் தருவோம்.

ஹார்க்னஸ் கஷ்டப்படுத்தவில்லை.
பேரைத் தட்டினேன், எழுந்து வந்தார்.
1858 உதவிக்குரு. 1859 குரு.
1863 திருகோணமலைக் கோட்டையில் படைக்குரு.
1864 வைகாசி, சுகவீன விடுமுறை.
அதன்பிறகு டெவனில் ஒரு சின்ன ஊர்,
முப்பத்தேழு வருஷம் அதே ஊர்,
ஆப்பிள் மரங்கள் இருந்திருக்கும்.
கத்தி முனை நுழைய இடுக்கில்லாத வாழ்க்கை.

விடுமுறையில் கப்பலேறியவர்
1865 பங்குனியில் இங்கே
நாற்பத்தொரு பேரை எப்படி அடக்கம் செய்தார்?
வாந்திபேதி வருஷம்.
அச்சடித்த கட்டத்தில் ஹார்க்னஸ் பெயர்தான்.
கை வேறு.
ஆங்கில எழுத்தின் வயிற்றிலும் சுழி போடுகிற,
ஏட்டுத் தமிழில் பழகிய கை.

சம்பளப் பட்டியலில் மார்க்கண்டோ, மாதம் பதினைந்து ரூபாய்.
மிஷன் அறிக்கையில் மர்க்குண்டு, சுதேச உதவியாள்.
தரவுத்தளத்தில் மார்க் ஆண்டு.
முதற்பெயர் மார்க், குடும்பப்பெயர் ஆண்டு.
எந்த ஆண்டு என்று கேட்டுச் சிரித்தேன்,
அறையில் வேறு யாருமில்லை.
மூன்று பேருக்கும் பிறப்பில்லை, பட்டமில்லை, இறப்புமில்லை.
ஈசாக் மார்க்கண்டு என்று சேர்த்து அடித்தால்
இதைத்தான் தேடினீர்களா என்கிறது:
மார்க்கண்டேயன்.
சரிதான். என்றும் பதினாறு.

பிறகுதான் கண்ணில் பட்டது.
நாற்பத்தொரு வரியில் பதினெட்டுக்கு முன்னால்,
படம் தொடங்குகிற விளிம்பில்,
வெட்டுவாய்க்குத் தப்பிய ஓர் எழுத்து.
ழை.

மழையா? குழியில் தண்ணீர் நிற்க இறக்கியவர்களா?
பங்குனியில் இங்கே ஏது மழை.
அந்த வருஷம் பெய்ததோ என்னவோ.
ஏழையா? பெட்டிக்காசு வாங்காமல் விட்டவர்களா?
பன்னிரண்டாம் வரி,
பெண் குழந்தை, பெயரில்லை, சாம்பல்தீவு.
மூன்று நாள் பிள்ளையை ஏழை என்று யார் எழுதுவார்?
பிழையா? வயது பிழை, ஊர் பிழை,
ஹார்க்னஸ் என்று போட்ட கையெழுத்தே பிழை,
எனக்குத் தெரியும் என்று
வெள்ளைக்காரன் வாசிக்காத ஓரத்தில்
சொல்லி வைத்தாரா?

மூலத்தைப் பார்க்கப் போனேன்.
புத்தகம் இருக்கிறது.
பின்னறைக் கூரை ஒழுகி, நாலு மாரி குடித்து
செங்கல்லாய் இறுகி இருக்கிறது.
ஒரு தாளை உரிக்கப் பார்த்தேன், பொருக்காக வந்தது.
ஜெபரட்ணம் ஐயாவும் இல்லை.
இனி நான் எடுத்த படம்தான் மூலம்.
திரும்பி வரும்போது முற்றவெளியில்
மானொன்று ஷொப்பிங் பையை மென்றுகொண்டு நின்றது.
விரற்கடை ஓரம். இரண்டு ரூபாயில்
அந்த விரற்கடையின் பங்கு என்ன என்று
பஸ் வரும்வரை கணக்குப் பார்த்தேன்.
பத்துப் பன்னிரண்டு சதம் வரும்.

ஹார்க்னஸை முழுசாக அனுப்பிவிட்டேன்.
காசும் வந்தது.
மார்க்கண்டுவுக்கு ஒரு புதுப் பதிவு திறந்தேன்.
பதவி தெரியாது. பட்டம் தெரியாது.
குறிப்பு என்ற கட்டத்தில்
ழை என்று போட்டேன்.
ஏற்கவில்லை.
குறைந்தது மூன்று எழுத்து வேண்டுமாம்.
கணினியின் கணக்கில் ழை இரண்டு.
முன்னால் ஒன்று வைக்கச் சொல்கிறது.

ம வைக்கலாம். ஏ வைக்கலாம்.
பி வைத்தால் நாலாகும்,
அதையும் ஏற்கும்.