ஆறு பேர் கொண்ட படை

வாவாவில் பதினேழாம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
என் லொறியில் பதினெட்டுத் தொன் கழிவறைக் காகிதம்.
தர்மினியின் லொறியில் உறைந்த பட்டாணி.
வரோதயன் என்ன ஏற்றினான் என்று தெரியாது,
கேட்டால்தான் சொல்வான், கேட்டாலும் பாதி.

மோட்டல் வரவேற்பறையில் ஒரு சோபா, ஒரு தொலைக்காட்சி,
இரவு வேலைக்காரன் டுவெய்ன்.
"கோள்காவல், இரண்டாம் பாகம்" என்றான்.
முதல் பாகத்துக்குக் கொட்டிய காசில்
நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு இல்லையாம்.
தானே மிச்சம் பிடித்ததுபோலச் சொன்னான்.

முதல் பாகத்தில் ஒரு கிரகமே எரியும்.
இதில் ஒரு நடைகூடம்.
அதிலேயே ஓடுகிறார்கள், அதிலேயே ஒளிகிறார்கள்,
விளக்கின் நிறத்தை மாற்றிவிட்டு
பகைவன் கோட்டை என்கிறார்கள்.
பூச்சிப் படையில் ஒரே பூச்சி.
யாரோ கம்பியால் காலை ஆட்டுவது தெரிகிறது.
பூமியின் மொத்தச் சேனையும் ஆறு பேர்.

நடுவில், படத்துக்குள்ளேயே, ஒரு விளம்பரம்:
முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு தளபதி,
"உன் காலைக் கொடு,
நாடு உனக்கு நடை தரும்."

டுவெய்ன் சோபா குலுங்கச் சிரித்தான்.
தர்மினி சிரிக்கவில்லை.
"முதல் படம் நக்கல் எண்டு விளங்கினது.
இது நக்கலோ, இல்லாட்டி
நம்பித்தான் எடுத்தவங்களோ?"

"நக்கலடிக்கவும் காசு வேணும்" என்றேன்.
"காசில்லாதவன் எடுத்தா
பகிடியும் பக்தியும் ஒரே மாதிரித்தான் தெரியும்."
நான் சொன்னது எனக்கே பிடித்திருந்தது.
வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு ஐந்துக்கு ஐந்து எடுத்தவன் நான்:
புகழ்வதுபோல் பழிப்பது, பழிப்பதுபோல் புகழ்வது.
புகழ்வதுபோலவே புகழ்ந்து
கேட்டவன் தானாகக் கூசிப்போவதற்கு
வாத்தியார் பெயர் ஒன்றும் தரவில்லை.

அடுத்த விளம்பரம்.
ஹெலிகொப்டர், பனிமலை,
முகத்தில் பச்சை மை பூசிய ஒரு பெண்,
நெஞ்சுக்குள் இறங்கும் முரசு.
"பாத்தியளே, இது வடிவா எடுத்திருக்கிறாங்கள்,
இதுதான் நக்கல்" என்றாள் தர்மினி.

"அது படம் இல்லை" என்றான் டுவெய்ன்.
"இடைவேளை.
இதன் பழைய ஒன்றைப் பார்த்துத்தான்
பத்தொன்பது வயதில் கந்தகாருக்குப் போனேன்."
பிறகு சிப்ஸ் பையை எங்கள் பக்கம் நீட்டினான்.
எடுத்தோம். உப்புக் கூட.

அப்புறம் அந்தச் சப்பாத்துக் காட்சி.
விண்கலத்தில் பெட்டி வருகிறது, உடைக்கிறார்கள்,
எல்லாமே ஒரே அளவு.
மேலதிகாரி கண் கலங்க உரையாற்றுகிறார்:
"வீரனுக்கு ஏது அளவு!"

வரோதயன் சிரித்தான்.
அந்த இரவில் முதல் தடவை.
இருமல் வந்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும்.
அதே இடத்தில்தான் டுவெய்னும்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு
நிறுத்த முடியாமல், மூச்சு முட்ட.

"பதினொண்டு" என்றான் வரோதயன், தமிழில்.
"எல்லாருக்கும் பதினொண்டுதான் வந்தது.
எனக்கு அப்ப பதினாறு வயசு, கால் ஏழு.
ஆறு பேர் எண்டதும் சரி.
பேர் மட்டும்தான் படையணி."

நான் வாயைத் திறந்தேன்.
மொழிபெயர்க்காதே என்று தர்மினி கண்ணைக் காட்டினாள்.
டுவெய்ன் கேட்கவும் இல்லை.

படம் இழுத்து இழுத்து முடிந்தது.
செலவு மிச்சம் என்று
கதாநாயகன் சாகும் காட்சியை இரண்டு முறை போட்டார்கள்.
பத்துக்கு எட்டு என்றான் டுவெய்ன்.
மூன்று, அதுவும் பூச்சிக்காக, என்றாள் தர்மினி.
நான் இன்னும் அந்தப் பகிடி, பக்தி வசனத்திலேயே நின்றேன்,
யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் பனி அள்ளும் வண்டிகள் வந்தன,
வரிசையாக, மஞ்சள் விளக்குச் சுழல.
வாசலில் எங்கள் சப்பாத்துகள் உருகிக் கிடந்தன.
வரோதயன் தன்னுடையதை எடுத்து
தலைகீழாகப் பிடித்து
இரண்டு தட்டுத் தட்டி
உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

அந்தக் குளிரில்
தேள் எங்கே வரப்போகிறது?