சில்லறை வேலை

திபிலிசியின் வடகோடியில், கிள்தானியில்
பதினாறு மாடிக் கட்டடங்களில்
லிப்ட்டுக்குக் காசு போட வேண்டும்.
போடாவிட்டால் கதவை மூடிக்கொண்டு
அசையாமல் நிற்கும்,
கடன் கேட்கப் போன வீட்டுக்காரர்போல.

அந்தக் காசுப்பெட்டிகளைத் திறந்து
பையில் கொட்டிக் கொண்டுவருவது மக்வாலாவின் வேலை.
கொட்டியதை எண்ணுவது என் வேலை.
நாற்பத்தியொரு வாசல், வாரம் இருமுறை.
அவள் சேர்ந்த அன்று சொன்னேன்:
"ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்,
வேறு நல்லது கிடைக்கும்."
எனக்கு அப்போது அங்கே ஒன்பதாவது வருஷம்.

அவள் பல்லைக் கடிக்கவில்லை.
காதைத் தீட்டிக்கொண்டாள்.

கணக்குத் தாளில் நான் கேட்டது தொகை மட்டும்.
அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
"பதினேழு, இரண்டாம் வாசல். வசூல் பாதி.
ஐந்தாம் மாடியில் குலுக்குகிறது, வயதானவர்கள் நடக்கிறார்கள்."
"இருபத்திரண்டு. வசூல் கூடுதல்.
பக்கத்து வாசல் லிப்ட் செத்துவிட்டது,
மொட்டைமாடி வழியாக இங்கே வருகிறார்கள்."
"ஒன்பது. காசோடு மூன்றாம் வாரமாக அதே நீலப் பொத்தான்கள்.
கோட்டு தீரும்வரை பொறுப்போம்."

நான் சிரித்தேன்.
ஓரத்தை மடித்துவிட்டுத் தொகையைப் பதிந்தேன்.

மெக்கானிக் சுராப்புக்கு
டார்ச் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.
டார்ச் பிடிக்கப் போனவள்
அவனையும் பிடித்துக்கொண்டாள்:
இது எதற்கு, இது ஏன் சூடாகிறது,
இந்த வடத்தில் எத்தனை இழை அறுந்தால் ஆபத்து.
மூன்றாம் குளிர்காலத்தில்
கீழ்த்தளத்தில் நின்றபடியே சொன்னாள்,
மேலே பிரேக் தேய்கிறது என்று,
பக்கத்து வீட்டுச் சண்டையில்
யார் முதலில் அழப்போகிறார் என்று சொல்வதுபோல.

பிறகு அட்டை வந்தது. தொட்டால் போதும்.
பெட்டிகளைக் கழற்றினார்கள்.
வேண்டாதவர் பட்டியலில்
எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன.

கடைசிக் கூட்டத்தில் மேலாளர் தெங்கிஸ் கேட்டார்:
"ஆறு லிப்ட்டுக்குத்தான் பணம். எந்த ஆறு முதலில்?"
மேசையைச் சுற்றி ஒன்பது பேர்
கரைந்துபோன சர்க்கரையை மறுபடி கலக்கினார்கள்.
சுவரோரம் நின்ற மக்வாலா "ஏழு" என்றாள்.
"ஆறுதான் கேட்டேன்."
"ஏழாவதின் வடத்தில் பதினோரு இழை போய்விட்டது.
அதை நீங்கள் கேட்கவில்லை."

அவளுடைய நோட்டுகளை வாங்கிக்கொண்டார்கள்.
நன்றி சொன்னார்கள்.
அறிக்கை வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது.
அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.
லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, படியில்தான் போனாள்.
உள்ளே என்ன பேசினாளோ.
இறங்கிவந்தபோது பராமரிப்புத் திட்டத்தில் ஒரு நாற்காலி,
அறிக்கையில் அவள் பெயர்,
சம்பளத்தில் நூற்றைம்பது கூடுதல். கேட்டது முந்நூறு.
"மீதியை மார்ச்சில் கேட்பேன்" என்றாள்.
நாளையும் குறித்துவைத்திருந்தாள்.

தூக்கிவிட ஆளில்லை, ஆளில்லை என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.
மூன்று வருஷம் அவள் எழுதிய அத்தனையும்
என் மேசை வழியாகத்தான் போனது.
எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது.

இப்போது கிடங்கில் போட்டிருக்கிறார்கள்.
திருகாணி, பல்பு, கிரீஸ் டப்பா.
நேற்று ஒன்று கண்ணில் பட்டது:
முப்பதாம் கட்டடம் மட்டும்
மாதம் நாலு முறை ஒரே ஃபியூஸ் கேட்கிறது.
வழங்கல் தாளின் ஓரத்தைப் பார்த்தேன்.
இரண்டு விரல் அகலம்,
வெள்ளையாகக் கிடந்தது.

பென்சிலை எங்கே வைத்தேன்?