இலை மட்டும் உள்ள குழி

காலை ஆறு மணி. பொரளையில்
மழை விட்டும் கூரைகள் விடவில்லை.
இரண்டு சோடிக் கையுறை, முகக்கவசம்,
முதுகுப்பக்கம் கட்டும் அங்கி.
மூக்கு நுனி அரிக்கத் தொடங்குவது
எப்போதும் உள்கதவு பூட்டிய பிறகுதான்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஓரத்துக் குழிகளுக்கு வெறும் தண்ணீர்.
ஏழு நாள் சூட்டில் முதலில் காய்வது
ஓரத்தில் இருப்பவைதான்;
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அறுபதில்
இலைச்சாறு முழுதாய், பிறகு பாதி,
பாதியில் பாதி, அதிலும் பாதி.
எதுவரை குறைத்தாலும் தாங்கும் இந்த இலை?
கேள்வி அவ்வளவுதான்.

ரிஃபாம்பிசினுக்கு ஒரு வரிசை,
செங்கல் நிறம், சந்தேகமில்லாதது.
கிருமிக்கு மட்டும் ஒரு வரிசை.
கிருமியின் பெயர் நாற்பத்தேழு.
துறைமுகத்தில் மூட்டை இறக்கிய ஒருவர்
குப்பிக்குள் காறித் துப்பியது.
படிவத்தில் வயது உண்டு, ஆண் என்று உண்டு,
இருமல் நான்கு மாதம் என்று உண்டு.
பெயர் இருந்த மூலையை
யாரோ அடிமட்டம் வைத்துக் கிழித்திருந்தார்கள்.

ஏழாம் நாள் மை விட்டேன். நீலம்.
உயிர் இருந்தால் ரோஜாவாகும்,
இல்லாவிட்டால் நீலமாகவே கிடக்கும்.
அன்றிரவு இரண்டேகால் மணிநேரம் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு
துஷாரி சிங்களத்தில் யாரையோ ஏசுவது
தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.
டீசல் வந்தது.

மறுநாள் ஆடாதோடை வரிசை முழுக்க ரோஜா.
'பயனில்லை' என்று எழுதப் பேனா எடுத்தவள்
கடைசிக் குழியைப் பார்த்தேன்.
அதில் கிருமியே விடவில்லை.
இலையும் மையும் மட்டும்.
அதுவும் ரோஜா.

இலை தானாகவே மையின் நிறத்தை மாற்றுகிறது.
தானே கொன்றிருந்தாலும்
ஆள் உயிரோடிருக்கிறார் என்று
சாட்சி சொல்கிறது.

துஷாரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
"போன வருஷம் இந்தக் குழி வைக்கல்ல, என்ன?"
வைக்கவில்லை.
போன வருஷம் மூன்று இலைகளைக் கழித்தோம்.
சிவப்புப் பேனா. கீழே என் கையெழுத்து,
அன்றைக்கு ஏதோ அவசரம் போல
கடைசி எழுத்து ஓடியிருக்கிறது.

பிறகு முட்டை.
கோழிமுட்டை உடைத்து, பச்சைச் சாயம் கலந்து,
சாய்த்து வைத்து இறுக்கிய குழாய்களில்
ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி.
முட்டைக்கு நிறம் மாற்றத் தெரியாது.
அவசரமும் தெரியாது.
ஆறு வாரம்.
வெளியே வெசாக் கூடு கட்டினார்கள், கழற்றினார்கள்.
ஆடாதோடைக் குழாய்களை நான் திறந்து திறந்து பார்ப்பதாக
துஷாரி கதவில் துண்டு எழுதி ஒட்டினாள்.

நாற்பத்திரண்டாம் நாள் எண்ணினேன்.
கிருமி மட்டும் விட்ட குழாயில்
கோலிஃப்ளவர் உதிர்த்துக் கொட்டியதுபோல், எண்ண முடியாது.
ஆடாதோடையில் பதினொன்று.
பூச்சியம் இல்லை.
மூன்று தரம் எண்ணினேன், பதினொன்று.

சனிக்கிழமை ஐந்துலாம்புச் சந்தியால் நடந்து
கபோஸ் லேனில் மருந்துச்சரக்குக் கடை.
ஆடாதோடை ஒரு கிலோ.
கழித்த மூன்றிலும் ஒவ்வொரு கிலோ.
"ஒரு இருமலுக்கு இவ்வளவா?"
தராசிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.
"ஆளுக்கு என்ன வயசு? சளி என்ன நிறம்?"
ஐம்பத்திரண்டு என்றேன்.
நிறம் படிவத்தில் இல்லை.

கணக்குப் பிரிவுக்குக் காட்ட பில் கேட்டேன்.
சரக்கின் பெயரெல்லாம் எழுதவில்லை.
'இருமலுக்கு, நாலு கிலோ' என்று எழுதி
தேதி போட்டுத் தந்தார்.