உள்பக்கம் ஒட்டியது

நாலு ரோட்டு ஸ்டிக்கர் கடையில்
அமானுல்லா முதலில் கேட்டது எந்த சாமி என்று.
சாமி இல்லை என்றதும், எந்த நடிகர்.
அதுவும் இல்லையா, அப்போ கட்சியா.
ரோடு, என்றேன்.
யாருடைய நம்பர் பிளேட்டிலோ
எட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

தொப்பூர் கணவாய்.
மேலிருந்து பார்த்தால் தெரிகிற வெறும் கோடு.
போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
ஒரு ராத்திரி முழுக்க நான் பிடித்த கோடு.
கறுப்பு வினைல், பளபளப்பு வேண்டாம்,
கோட்டை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.
வெளிச்சம் ரோட்டில் மட்டும்தான் போகணும்.
எந்த வண்டிக்கும்மா?
கம்ப்யூட்டருக்கு.
இன்னொரு தரம் நிமிர்ந்தார்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு,
கிரகப்பிரவேசத்தில் வாசல்படி தாண்ட மறுக்கும் பசு,
எல்லாம் என் மேசைக்கடியில்தான் வேகின்றன,
வீடியோ ஒன்றுக்கு மூன்று மணி நேரம்.
அத்தனை நேரமும் அந்தக் கண்ணாடியில் நான் பார்ப்பது
நான்கு விசிறி, கொஞ்சம் ஒயர்,
ஒரு கம்பெனியின் பெயர்.
கம்பெனியின் பெயரை பிளேடால் சுரண்டினேன்.
அது ஒரு நாள் வேலை.

ஒட்டியது ஞாயிற்றுக்கிழமை.
விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு,
சோப்புத் தண்ணீர் தெளித்து
காலாவதியான ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி,
தள்ளி,
எங்கிருந்தோ என் தலைமுடி ஒன்று வந்து உட்கார,
உரித்து, மறுபடி.
கீறல் படக்கூடாதென்று உள்பக்கம் ஒட்டினேன்.
உள்பக்கம் ஒட்டினால் இடவலம் மாறும் என்பது
ஒட்டிய பிறகு தெரிந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது.
ஒரு வளைவில் கடுகளவு காற்றுக் குமிழ் வேறு.
ஊசி தேடினேன். கிடைக்கவில்லை.
விளக்கைப் போட்டேன்.
மஞ்சள் மேலே கிளம்பி, சிவப்பாகிக் கீழே இறங்கியது,
மறுபடி மஞ்சள்.
சாப்பிட மறந்துபோனேன் என்று சொன்னால்
நம்பவா போகிறீர்கள்.

புதன்கிழமை மாதையன் வந்தார்,
மகள் காதுகுத்து வீடியோவுக்கு மீதிப் பணம் கொடுக்க.
பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றுகிறவர்.
அறுபத்தொரு சதவீதம் ஆகியிருக்கிறது, உட்காருங்கள் என்றேன்.
உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன்,
செருப்பில்லாத வலது கால்
என் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது.

இது தொப்பூர்தானே, என்றார்.
நான் ஆமாம் சொல்வதற்குள்,
ஆனா பள்ளம் இந்தப் பக்கம்ல வரணும்,
நீ மலையைத் தூக்கி அந்தாண்ட வெச்சிட்ட.

உள்பக்கம் ஒட்டினதுண்ணா, மாறிப்போச்சு.

குனிந்தார். விரலால் ரோட்டைத் தொட்டு இறங்கினார்,
வளைவு வளைவாக, எதிரே வண்டி வருகிற வேகத்தில்.
குமிழில் நின்றது விரல்.
இங்கதான், என்றார்.
நாப்பது பெட்டி.
ரோடு பூரா ரசம்.
தானே சிரித்தார், நானும் சிரிக்கலாமா
என்று தெரிவதற்குள் நிறுத்திவிட்டார்.

அப்புறம் விசிறியைப் பார்த்துக்கொண்டே,
அதுக்குச் சரியாத்தான் தெரியும் இல்ல?
உள்ள இருக்கறதுக்கு?

தெரியும், என்றேன்.

எழுபத்தெட்டு.
தலையில் மொட்டையும் கையில் லட்டுமாகக்
குழந்தை வீறிடுகிற இடம்
இப்போது உள்ளே வெந்துகொண்டிருக்கும்.
அவர் போகவில்லை.
சிவப்பு இறங்குகிற ஒவ்வொரு தரமும்
அந்தக் கால், லேசாக.
ஊசி மேசை டிராயரிலேயே இருந்தது,
எண்பத்தைந்தில் கண்ணில் பட்டது.
மூடிவிட்டேன்.