வாளிக் கணக்கு

கிரேஸ்லின் மேடம் மேனேஜராக வந்த அன்று
உத்தரவு எதையும் சுவரில் ஒட்டவில்லை.
வரவேற்பு மேசையில் எண்பது பக்க நோட்டு ஒன்றை வைத்து
முதல் வரியைத் தானே எழுதினார்:
'நேற்று என் அறையில் ஆளில்லாமல்
மூன்று மணி நேரம் ஏசி ஓடியது. தப்பு என்மேல்.'

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
பழைய மேனேஜர் என்றால்
அந்த மூன்று மணி நேரம்
யார் சம்பளத்திலாவது ஏறியிருக்கும்.

நாலு நாள் கழித்துத் தாசையன் எழுதினான்,
இட்லி மிச்சம் முப்பத்தொன்று என்று.
பிறகு சுபின்.
தோட்டத்து லீலாபாய் எழுத்துக்குப் பதில்
ஒரு தண்ணீர் பாட்டிலை வரைந்தாள், மூடியோடு.

நான் ரெஜிலா, மூன்றாம் மாடி.
விருந்தாளிகள் விட்டுப்போகும் சோப்புத் துண்டுகளை
உருக்கித் துணி துவைக்கலாம் என்றேன்.
'செய்து பார்' என்று அடுப்பும் தந்தார்.
சந்தனம், எலுமிச்சை, ஏதோ ரோஜா
எல்லாம் கூடிக் கொதித்து
கருவாட்டு மணம் வந்தது.
ஒன்பது விரிப்பு மஞ்சளாய்ப் போயின.
முதலாளி நாகர்கோவிலிலிருந்து காரில் வந்து கத்தினார்.
'நான்தான் செய்யச் சொன்னேன்,'
என் பக்கம் திரும்பாமலே சொன்னார் மேடம்.
சாயங்காலம் நோட்டை நீட்டினார்:
'இதையும் எழுது மக்கா.
எவ்வளவு சூடு, எத்தனை நேரம், எல்லாம்.'

எழுதும்போதுதான் கேட்டது
பின்சுவரில் அந்தச் சொட்டு.
பதினாறு ஏசிகள்
பாசிக்கு ஊட்டிக்கொண்டிருந்த தண்ணீர்.
எங்கள் குழாயில் வருவது கடலுக்குத் தங்கச்சி,
துடைத்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகும்.
இதற்கு உப்பென்றால் என்னவென்றே தெரியாது.
வாளி வைத்தேன்.
கிழக்குக் கண்ணாடியில் காற்று பூசிய படலம்
ஒரே இழுப்பில் போனது.
மறுநாள் சூரியன் உதிக்க,
சேலத்துக்காரர் ஒருவர்
கண்ணாடி இருப்பது தெரியாமல்
நெற்றியை முட்டிக்கொண்டார்.

முதலாளி மேடத்தைப் பாராட்டினார்.
மேடம் நோட்டைத் திறந்து
என் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.
முதலாளி கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தார்.

இப்போது ஒரு சிக்கல்.
சுபின் அறைதோறும் சன்னலைத் திறந்துகாட்டுகிறான்.
ஆனிக் காற்று ஏசியைத் தோற்கடிக்கிறது,
என் வாளி கால்கூட நிறைவதில்லை.
கோபத்தோடு நோட்டில் எழுதினேன்.
அடியில் பச்சை மையில் பதில்:
'நல்ல புகார். வாளி முழுக்கக் காயட்டும்.
அப்புறம் கண்ணாடிக்கு என்ன செய்வது?
எனக்கும் தெரியவில்லை.'

மொட்டைமாடியில் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மேற்கே கறுக்கிறது.