முதலில் பிரேக்

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில்
மீட்டர் நின்றிருந்தது, ஜீப்பை வாங்கும்போதே.
அதற்கப்புறம் ஓடியதெல்லாம்
பூம்பாறை ஏற்றத்துக்கும்
என் இடுப்புக்கும்தான் தெரியும்.

மூஞ்சிக்கல் பட்டறையில் இன்னாசி
வண்டிக்கடியில் படுத்தபடியே சொல்லிக்கொண்டு போனார்.
கிளட்ச் பிளேட். கேஸ்கெட். ரேடியேட்டரில் ஒழுக்கு.
ஒவ்வொன்றுக்கும் நான்
ஒரு பூண்டு மூட்டையைக் கழித்துக்கொண்டிருந்தேன்.
பிரேக் என்று அவர் சொன்னபோது
மூட்டை தீர்ந்திருந்தது.

"வாங்குன காசுக்கு மேல போகுதேண்ணே."
"போகும்."

தகரக் கூரையில் பனி சொட்டியது.
வெளியே வந்து கையைத் துடைத்தார்.
துணி கையைவிடக் கறுப்பு.
"ஏறலைன்னா நின்னுரும் தங்கச்சி.
நிக்கலைன்னா?"

பிரேக்குக்கு மட்டும் கொடுத்தேன்.

இப்போது பாதி ஏற்றத்தில் ஓரங்கட்டி
சூடு ஆறும்வரை காத்திருந்து
குடத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

நேற்று வத்தலக்குண்டு இறக்கத்தில்
எதிரே யாருமில்லாதபோது
சும்மா ஒருமுறை மிதித்துப் பார்த்தேன்.
நின்றது.
மூட்டைகள் சரிந்து வந்து
முதுகில் முட்டின,
பிடரியெல்லாம் பூண்டு வாசம்.