கீழ்வீட்டின் கையெழுத்து

நகராட்சிக் கடிதம் வந்தது,
ஆங்கிலத்தில் ஒரு பக்கம், ஜூலுவில் ஒரு பக்கம்.
செப்டிக் தொட்டி வைத்திருப்போர்
ஜூன் முப்பதுக்குள் தெருக்குழாயில் சேர்ந்தால்
இணைப்புக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி,
மீதியை இருபத்துநான்கு தவணையாகத்
தண்ணீர் பில்லோடு கட்டலாம்.
பழைய தொட்டியை இறைத்து மணல் கொட்டி மூடுவது
இலவசம்.

அந்தச் சொல்லுக்கு அடியில் மட்டும்
பேனா தானாகக் கோடு போட்டது.

வெருலத்தில் எங்கள் தெரு மலைச்சரிவு.
மேலே என் வீடு, கீழே தம்பி குபேந்திரன் வீடு.
அப்பா நிலத்தை இரண்டாக வெட்டினார்,
தொட்டியை வெட்ட வழி தெரியவில்லை.
வேலிக்கு நேர் அடியில் கிடக்கிறது.
மூடி மட்டும் என் பக்கம்.

பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
காரணம் கேட்காதீர்கள்.
ஒரு கராஜ், ஒரு கல்யாணப் பத்திரிகை,
பத்திரிகையில் விட்டுப்போன ஒரு பெயர்.
அவனுக்கு இரண்டாவது பெண் பிறந்ததை
கிளினிக் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தனைக்கும் கீழே, இருட்டில்,
அவன் வீட்டுப் புரட்டாசிப் பருப்பும்
என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை நண்டும்
சொந்தம் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தன.

தொட்டி நிறைந்தால் லாரி வரும்.
ஹனி சக்கர் என்பார்கள் இங்கே, தேன் உறிஞ்சி.
பெயர் வைத்தவருக்கு மூக்கு இருந்திருக்காது.
முதல் தடவை நானே முழுசாகக் கட்டினேன்.
மறுநாள் தபால் பெட்டியில் ஓர் உறை,
பாதிப் பணம், ஐம்பது சென்ட் வரை சரியாக.
மேலே பெயரில்லை.
அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உறை.
அதுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து.

ஜனவரி மழைக்குத் தொட்டி பொங்கும்,
பொங்கி அவன் மடும்பிக் கிழங்குப் பாத்தியில் இறங்கும்.
அவன் ஒரு வார்த்தை கத்தியதில்லை.
கத்தினால் அது பேச்சாகிவிடும்.

அளக்க வந்த பையன் ஸ்பமாண்ட்லா
மட்டக்கோலை நட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
அறுபதுக்கு ஒன்று சரிவு வேண்டும் அம்மா,
குழாய் கீழ்த்தெருவில்,
நீங்கள் போக ஒரே வழி அவர் தோட்டம்.
பம்ப் வைக்கலாம்,
பம்புக்குச் சலுகை கிடையாது,
கரண்ட் போனால் ஓடவும் ஓடாது.
படிவத்தில் ஒன்பதாம் பத்தியைக் காட்டினான்:
கீழ்வீட்டுக்காரர் சம்மதம்.

தண்ணீர் மேடு ஏறாது.
எனக்குத் தெரியாத சேதியா?
ஆனால் நான் ஏற வேண்டியதுமில்லை,
பதினேழு படி
இறங்க வேண்டும்.

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று.
ஜூன் இருபத்தெட்டு, மாலை, குளிர்.
பத்தாவது படியில் நின்று
மாதத் தவணையை மனசுக்குள் மறுபடி கூட்டினேன்,
பணத்துக்காகத்தான் போகிறேன் என்று
எனக்கே ஒரு ரசீது.

கதவு திறந்தது. நரைத்திருந்தான்.
அவன் கையிலும் அதே படிவம்,
பத்தாம் பத்தியில் அவன் விரல்:
மூடி அமைந்த வீட்டுக்காரர் சம்மதம்.
எவ்வளவு நாளாக வைத்திருந்தானோ,
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"பேனா இருக்கா?" என்றான்.
பதினோரு வருஷத்துக்கு அப்புறம்
அதுதான் முதல் வார்த்தை.
பக்கியின் பானட் மேல் வைத்துப் போட்டோம்.
என் கையெழுத்து கொஞ்சம் கோணல்,
பானட் இன்னும் சூடாக இருந்தது.

இப்போது தொட்டிக்குள் மணல்.
ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு பில்.
இனி உறை வராது என்பது
மூன்றாம் வாரம்தான் உறைத்தது.

குழி வெட்டியதில் அவன் பாத்தி போய்விட்டது.
நேற்றுக் காலை என் வாசலில்
ஒரு பை மடும்பி, மண்ணோடு,
பெயரில்லாமல்.
ஒவ்வொன்றும் ஏன் அவ்வளவு பருமன் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

கழுவினேன். நன்றாக, மூன்று தண்ணீர்.
பிறகு குழாயை மூடிவிட்டு
சிங்க் ஓரம் குனிந்து காது வைத்தேன்,
அவன் தோட்டத்துக்கு அடியில்
அது போய்ச்சேரும் சத்தம் கேட்கிறதா என்று.